பினாங்குக்குப் போன நாடக வேன்

28 ஆகஸ்ட் 2025, வியாழன் – கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து

இரவு ஒன்பதரைக்குத்தான் வேன் நகர்ந்தது. ஏழு மணி என்று பேச்சு. ஏழு பேரும் ஏறி உட்கார்ந்தால் ஆர்மோனியத்துக்கு இடமில்லை. ஆர்மோனியத்தை வைத்தால் ஓர் ஆளுக்கு இடமில்லை. ஆர்மோனியம் வாசிக்கிற மாமா, "நான் பஸ்ல வர்றேன், பொட்டிய ஏத்துங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார். அறுபத்தெட்டு வயதுக்காரரைப் பஸ்ஸில் அனுப்ப யாருக்கு மனசு வரும்? மறுபடி எல்லாவற்றையும் இறக்கி, ரயில் கட்டைகளைக் கூரைமேல் தூக்கி வைத்துத் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம்.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காகப் போடுகிற கட்டைகள், நாடகத்துக்காக. கட்டை என்றால் நிஜக் கட்டை இல்லை. சாப்பாட்டுப் பெட்டி செய்கிற போலிஸ்டிரின்தான். அதன்மேல் துணி ஒட்டி, பழுப்புச் சாயம் அடித்தது. ஆறு உருப்படி. ஒரு கையால் தூக்கிவிடலாம்.

எங்கள் நாடகம் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயிலைப் பற்றியது. 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுபோனார்கள். செத்துப்போன வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறையும் அதன்மேல் பெயரும் இருக்கின்றன. நம் ஆட்களைப் போட்டுப் புதைத்த குழிகளின்மேல் ஒரு பெயரும் கிடையாது. நாடகத்தில் ஒரு தோட்டத்துக் குடும்பம்தான் வருகிறது. கணவன் போகிறான், மனைவி காத்திருக்கிறாள். ஒன்றே கால் மணி நேரம்.

நான் நடிப்பதில்லை. விளக்கு, உடுப்பு, மறந்துபோன வசனத்தை ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. வழக்கமாகப் போகிறவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் நான். குழுவோடு வெளியூர் போவது எனக்கு இதுதான் முதல் தடவை. தங்கள் பெயர்களை எழுத வேண்டாம் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டதால், இங்கே மாமா, அக்கா, அண்ணன், தம்பிதான்.

தாப்பா ஓய்விடத்தில் நின்றோம். தே தாரிக் (ஆற்றிய பால் டீ) இரண்டரை வெள்ளி, அதாவது ரிங்கிட். மனைவியாக நடிக்கிற அக்கா ஆஸ்பத்திரியில் தாதி. இரவு வேலை முடித்து, பகலில் மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வந்திருந்தார். டீ ஆறும்வரை கூட விழித்திருக்க முடியவில்லை, மேசையில் தலை சாய்த்துவிட்டார். ஈப்போ தாண்டியதும் மழை. தைப்பிங்கில் அது மழையே இல்லை, ஆறு. கூரைமேல் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எல்லாரும் பேசாமல் இருந்தோம்.

29 ஆகஸ்ட், வெள்ளி – ஜார்ஜ்டவுன், முதல் மேடை

விடியற்காலை மூன்று மணிக்குப் பாலம் கடந்தோம். லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டு மாடி, நண்பர் ஒருவர் கொடுத்தது. பெண்கள் இருவருக்கும் அறை, மற்றவர்களுக்குக் கூடம். மரத்தரையில் ஒருவர் புரண்டால் ஏழு பேருக்கும் தெரியும்.

காலையில் கீழே மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அந்தப் பெயர்) பசியாறினோம். ரொட்டி சானாய் ஒன்று ஒன்றரை வெள்ளி, பருப்புக் குழம்பு எவ்வளவு கேட்டாலும் ஊற்றுகிறார்கள். கடைக்காரர் தமிழ் முஸ்லிம். தம்பியின் கையில் இருந்த நோட்டீஸை வாங்கிக் கண்ணாடி போட்டு முழுதும் படித்தார். "எங்க ஆளுங்களும் போயிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். பில்லில் ஏழு தண்ணீருக்குக் காசு சேர்க்கவில்லை. நோட்டீஸைத் திருப்பியும் தரவில்லை, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்.

குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் மாமா ஒரு கற்பூரம் ஏற்றினார். 1833இல் எழும்பிய கோயில். எங்கே போனாலும் மேடை ஏறுமுன் அந்த ஊர் மாரியம்மனைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்மோனியத்தைத் திறப்பாராம்.

கட்டைகளை இறக்கியபோது இரண்டின் ஓரம் மழையில் உப்பியிருந்தது. துணி உரிந்து வெள்ளை தெரிந்தது. பசையும் சாயமும் வாங்க 18 வெள்ளி. அண்ணன், அதாவது இயக்குநர், மத்தியானம் முழுக்க வெயிலில் உட்கார்ந்து அதைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்.

மேடை இன்னொரு கடைவீட்டின் மாடியில். படிக்கட்டில் ஒரே ஆள்தான் ஏற முடியும். விளக்குக் கம்பத்தைச் செங்குத்தாகப் பிடித்துத் திருப்பித் திருப்பி ஏற்றினோம். டிக்கெட் 20 வெள்ளி, 43 பேர். பெரும்பாலும் இளைஞர்கள், கல்லூரிப் பிள்ளைகள். கவனமாகப் பார்த்தார்கள், முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள், அக்காவோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் மட்டும் நின்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராம், முப்பது வருஷத்துக்கு மேல். கணவனாக நடிக்கிற தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நல்லாச் செஞ்சீங்க தம்பி. ஆனா கட்டையத் தூக்குறப்ப மூஞ்சியச் சுளிக்கிறீங்க. கனத்தத் தூக்குறவன் மூஞ்சியச் சுளிக்க மாட்டான். மூச்ச அடக்குவான். வாயத் தொறந்தா இடுப்பு போயிரும்."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார். தம்பி அன்றைக்கு இரவு சாப்பிடும்போது யாரோடும் பேசவில்லை.

30 ஆகஸ்ட், சனி – மேடை இல்லாத நாள்

ஓய்வு நாள் என்று பெயர். காலையில் நானும் அக்காவும் உடுப்பு துவைத்தோம். வியர்வையும் முகச் சாயமும் சேர்ந்த காலரை உப்புப் போட்டுத் தேய்த்தால்தான் போகிறது. மாடிக் கம்பியில் ஜப்பான் சிப்பாய்ச் சட்டை தொங்கியதைக் கீழேயிருந்து இரண்டு சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

தம்பி பக்கத்து மளிகைக் கடையில் கேட்டு, 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடைபாதையில் போய் வந்துகொண்டிருந்தான். கடைக்காரர் மறுப்புச் சொல்லாமல் வேடிக்கை பார்த்தார். பத்தாவது தடவை, "லோரிக்கு ஏத்தணும், அங்க கொண்டுபோய் வச்சிரு தம்பி" என்றார். அவனும் கொண்டுபோய் வைத்தான்.

மத்தியானம் நாசி கண்டார். கோழி, வெண்டைக்காய், மூன்று விதக் குழம்பும் கலந்து ஊற்றி ஒரு தட்டு 13 வெள்ளி. கோலாலம்பூரிலும் இது கிடைக்கிறதுதான். ஆனால் இங்கே குழம்பைக் கலக்கிற கைக்கு ஒரு வேகமும் கணக்கும் இருக்கிறது, சோறு நனைகிறது, குழையவில்லை. கண்டார் என்பது தோளில் போடுகிற கம்பு என்று மாமா சொன்னார். ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்பு. தமிழ் முஸ்லிம்கள் அதைச் சுமந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்றிருக்கிறார்கள். தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான நடக்க முடியும்?" என்று கேட்டான். தோளைத் தவிர அவனுக்கு இன்றைக்கு வேறு நினைப்பில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா பேச ஆரம்பித்தார், யாரும் எழுந்திருக்கவில்லை. நாடகக்காரர்கள் இந்தத் தீவுக்கு வருவது புதிதில்லையாம். 1870களிலேயே பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து ஆடியிருக்கின்றன. மொழி புரியாமலே ஜனங்கள் அந்தப் பாட்டுக்கும் உடுப்புக்கும் மயங்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் உள்ளூர் மாமாக் புஷி என்பவர் 1885இல் மலாய் மொழியில் ஒரு குழு தொடங்கினார். பங்சாவான் நாடகம் பிறந்தது அப்படித்தான். "அவனவன் கப்பல்ல பொட்டி கொண்டாந்தான், நம்ம வேன்ல கொண்டாந்தோம்" என்றார் மாமா. அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அந்த ஆர்மோனியமும் அதே கப்பலில் வந்ததுதான். அதை வேனில் ஏற்ற நாங்கள் அன்றைக்கு அவ்வளவு யோசித்திருக்கிறோமே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் நடந்து போகும்போது ஒரு தெருமுனையில் சீன நாடக மேடை. இது அவர்களுக்கு ஏழாவது மாதம், பசித்த ஆவிகள் பூமிக்கு வருகிற மாதம். முதல் வரிசையில் சிவப்பு நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அவை வந்திருக்கும் ஆவிகளுக்கு. பின்னால் நாங்கள் போய் உட்காரும்வரை இருந்த மனிதர்கள் மொத்தம் ஐந்து பேர்.

எனக்கு மேடைக்குப் பின்னால் பார்க்க ஆசை. ஓரமாக எட்டிப் பார்த்தேன். கம்பியில் தொங்கும் உடுப்பு, தகரப் பெட்டிகள், ஒரு மின்விசிறி, மேடைக்கு அடியில் பாயும் தலையணையும். எங்கள் குடித்தனம்தான் அங்கேயும். ராணி வேஷத்தில் இருந்த ஓர் அம்மா, அறுபது வயது இருக்கும், பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து கண்மை தீட்டிக்கொண்டிருந்தார். திட்டுவாரோ என்று பயந்தேன். இன்னொரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். நானும் நாடகக் குழுதான் என்று மலாயில் சொன்னதும், எத்தனை பேர் பார்க்க வருவார்கள் என்று கேட்டார். நேற்று 43 என்றேன். புருவத்தை உயர்த்தினார். தனக்கு நேற்று நாலு பேர் என்று விரலைக் காட்டினார். அப்புறம் காலி நாற்காலிகள் இருந்த பக்கம் தலையை அசைத்து, "அவர்கள் எல்லாரும் வந்தார்கள்" என்றார். மணி அடித்தது. எழுந்து, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படியேறினார். மேடைத் திரையைத் தாண்டியதும் அந்தக் கை இடுப்பில் இல்லை, நிமிர்ந்த ராணியாகிவிட்டார்.

அப்போதுதான் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் வேனின் தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து தெருவில் புரள்கிறது. ஆறு கட்டையில் இரண்டு உடைந்து சாக்கடையில் மிதந்தன. மற்றவற்றின் சாயம் கரைந்து வேன் கண்ணாடி வழியாகப் பழுப்பாக வழிந்துகொண்டிருந்தது. அண்ணன் நனைந்துகொண்டே நின்று அதைப் பார்த்தார்.

31 ஆகஸ்ட், ஞாயிறு – நிபோங் தெபால், இரண்டாம் மேடை

சுதந்திர தினம். பாலம் முழுக்கக் கார்களில் கொடி பறந்தது. தீவை விட்டுப் பெருநிலத்தில் தெற்கே முக்கால் மணி நேரம் போக வேண்டியது, நெரிசலில் ஒன்றே முக்கால் ஆனது.

இந்தப் பக்கம் எல்லாம் முதலில் கரும்புத் தோட்டம். நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவந்தது கரும்பு வெட்டத்தான். அப்புறம் ரப்பர், இப்போது செம்பனை. நாங்கள் போன பழைய தோட்டத்தில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள் இல்லை, குடும்பங்கள் பக்கத்துத் தாமான்களுக்கு (வீடமைப்புக் குடியிருப்புகளுக்கு) போய்விட்டன. கோயில் இருக்கிறது, கோயிலுக்கு எதிரே தகரக் கொட்டகை, சுற்றி ஏழெட்டு வீடு. ஞாயிறானால் எல்லாரும் இங்கே வந்துவிடுகிறார்கள்.

கட்டை இல்லாமல் எப்படி ஆடுவது என்று அண்ணன் யோசித்துக்கொண்டே கொட்டகையைச் சுற்றி வந்தார். மூன்றாவது வீட்டு வாசலில் நின்றுவிட்டார். செங்கல் அடுக்கி, அதன்மேல் கருத்த மரம் இரண்டைப் போட்டு, ஒரு ஐயா அதில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

சிலிப்பர் கட்டை. நிஜமான ரயில் கட்டை. ஐயா ரயில் பாதையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வடக்கே இரட்டைப் பாதை போட்டபோது பழைய மரக் கட்டைகளைக் கழற்றிவிட்டுக் காங்கிரீட் வைத்தார்களே, அப்போது வாங்கியது. செங்கால் மரம், உளுக்கவே உளுக்காது என்றார். ஆணி அடித்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா திருப்பிக் கொண்டாந்திரணும். சாயங்காலம் நான் இதுலதான் ஒக்காருவேன்."

எடுக்கப் போன பிறகுதான் தெரிந்தது. அறுபது கிலோ இருக்கும். தம்பியும் பறை வாசிக்கிற பையனும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து இடுப்புவரை தூக்கி, கீழே போட்டுவிட்டார்கள். ஐயா எழுந்து வந்தார். துண்டை நாலாக மடித்துத் தம்பியின் தோளில் வைத்தார். "முதுக வளைக்காத, முட்டிய மடி. எந்திரிக்கிறப்ப மூச்ச விடாத. ரெண்டு பேரும் ஒரே கால எடுத்து வையுங்க." மூன்றாவது தடவை கட்டை தோளுக்கு ஏறியது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் சுளிப்பே இல்லை. துறைமுகத்துப் பெரியவர் சொன்னது இதுதான்.

சயாம் பாதையும் நம் நாட்டுப் பாதையும் ஒரே அகலம், ஒரு மீட்டர். அதனால் கட்டையின் நீளமும் ஏறக்குறைய இதுவேதான் இருந்திருக்கும் என்று ஐயா சொன்னார். கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளத்தையே ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போய் அங்கே போட்டான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இதைச் சொல்லும்போது குரலில் கோபம் இருந்தது, ஏதோ அவர் கண்காணித்த பாதையையே பிடுங்கியது மாதிரி.

ஏழரைக்குத் தொடங்கினோம். எழுபது பேர் இருப்பார்கள், குழந்தைகள் முன்னால் பாயில். மின்சாரம் ஒரு வீட்டிலிருந்து வயர் இழுத்தது. அந்த வீட்டுக்காரர்கள் விளக்கு மங்கக்கூடாது என்று விசிறி, டிவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ரயில் போடுகிற காட்சி வழக்கமாக இரண்டு நிமிடம். தம்பி கட்டையைத் தூக்கிக்கொண்டே வீட்டை நினைத்து நீளமாகப் பேசுவான். இன்றைக்குக் கட்டை தோளுக்கு ஏறியது, அவன் பேசவில்லை. வசனத்தை மறந்துவிட்டான் என்று நினைத்து நான் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அவன் கழுத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் மேடையைக் குறுக்காகக் கடந்தார்கள். அடி, அடுத்த அடி. மாமா பாட்டை விட்டுவிட்டு ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பாயில் இருந்த குழந்தைகள்கூட அசையவில்லை. கட்டை தரையில் இறங்கிய சத்தம் கொட்டகைத் தகரம் வரைக்கும் போனது. அந்த ஒரு காட்சி ஆறு நிமிடம் ஆகியிருக்கும்.

கடைசியில் கணவன் செத்துக் கிடப்பான், மேலே கோணிச் சாக்கு மூடியிருக்கும், நான் விளக்கை அணைப்பேன். அணைத்தேன். இருட்டில் முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது:

"எந்திரிப்பா. சோறு ஆறிப்போவுது."

யாரும் சிரிக்கவில்லை. நான் விளக்கைப் போட எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்தப் பாட்டிக்கு எண்பத்தாறு வயது. அப்பாவைக் கொண்டுபோனபோது நாலு வயது. கோயில்காரர்கள் எங்களுக்குச் சோறு போட்டார்கள்: கருவாட்டுக் குழம்பு, கோழிப் பிரட்டல், ரசம், பொரித்த அப்பளம். காசு கொடுக்கப் போனால் கோபித்துக்கொண்டார்கள். பாட்டி தம்பியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். முகச் சாயத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்றவனை விடவில்லை. முதல் உருண்டை அவன் வாய்க்குப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் பேசினார்.

"ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, மூணே மாசம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. அப்பா மொகம் எனக்கு ஞாபகம் இல்ல. முதுகுதான் ஞாபகம். லோரில ஏறுற முதுகு."

பாட்டியின் அம்மா என்ன ஆனார் என்று அக்கா கேட்டார். எங்கள் நாடகத்தின் முடிவில் மனைவி பொட்டை அழித்துவிட்டு அழுவாள். பாட்டி அதைச் சொல்லி, எங்கள் அக்காவின் நெற்றியைத் தொட்டார்.

"எங்கம்மா பொட்ட அழிக்கலம்மா. சாகுற வரைக்கும் வச்சிருந்தாங்க. செத்துட்டாருன்னு யாரும் வந்து சொல்லல. சொல்லாம எப்படி அழிக்கிறது?"

அக்கா பதில் சொல்லவில்லை, தலை குனிந்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். தினமும் சாவைப் பார்க்கிற வேலை அவருக்கு. அவர் அழுது நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை.

1 செப்டம்பர், திங்கள் – பட்டர்வொர்த், மூன்றாம் மேடை

ஐயா கட்டைகளை இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேனில் அவற்றை ஏற்ற இரண்டு இருக்கைகளைக் கழற்ற வேண்டியிருந்தது. மாமாவும் பறைப் பையனும் ரயிலில் பட்டர்வொர்த் வந்தார்கள். ஆர்மோனியத்தை மாமா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

இன்றைய மண்டபம் குளிர்சாதனம், பளபளக்கிற தரை, நல்ல ஒலிபெருக்கி எல்லாம் உள்ள இடம். கட்டையை உள்ளே கொண்டுவரும்போதே மண்டபக்காரர் முகம் மாறிவிட்டது. சாக்கு விரித்துத்தான் வைத்தோம். இருந்தும் ஒத்திகையில் ஒரு முனை நழுவி ஒரு தரை ஓடு விரிசல் விட்டது. 150 வெள்ளி. உடனே கட்டினால்தான் ஆடலாம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் சொன்ன விதம், குனிந்து ஓட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனை நிமிரக்கூட விடாமல் பேசிய விதம், மனசைப் புண்படுத்தியது. எங்கள் சாப்பாட்டுக் காசிலிருந்து கொடுத்தோம்.

அதன்பிறகு மேடை முழுக்கவே கோணிச் சாக்கு விரித்துவிட்டோம். தரை தெரியவில்லை. ஜப்பான் காலத்தில் துணி கிடைக்காமல் சனங்கள் கோணியைத்தான் உடுத்தியிருந்தார்கள். மேடைக்கு அது பொருந்தியது. அண்ணன் இனி எப்போதும் சாக்குதான் என்று சொல்லிவிட்டார்.

முப்பத்தைந்து பேர் வந்தார்கள். பொது விடுமுறை, மழை வேறு. தம்பி இன்றைக்கும் கட்டை சுமக்கும்போது பேசவில்லை. அந்தப் பக்கத்து வசனங்களை நான் மத்தியானமே பிரதியில் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முடிவுக் காட்சியைப் பற்றி யாரும் யாரோடும் பேசியிருக்கவில்லை. அண்ணனும் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மேடையில் அக்கா எழுந்தார். கை நெற்றிக்குப் போனது. அங்கேயே நின்றது. கலைந்திருந்த பொட்டைச் சுண்டுவிரலால் சரி செய்தார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, லோரி போன பக்கம் பார்த்து உட்கார்ந்தார். எனக்கு விளக்கை எப்போது அணைப்பது என்று தெரியவில்லை. அவர் உட்கார்ந்தே இருந்தார். வெகு நேரம் கழித்துத்தான் அணைத்தேன், அதுவும் மெதுவாக.

கைதட்டல் குறைவாகத்தான் இருந்தது. வெளியே போகிற வழியில் மூன்று பேர் நின்று, தங்கள் வீட்டில் யார் சயாமுக்குப் போனார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் தாத்தா என்றார், ஒருவர் பெரிய தாத்தா என்றார், ஒரு பெண் அம்மாவின் அண்ணன் என்றார். அவர்கள் சொன்னதை நான் பிரதியின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

2 செப்டம்பர், செவ்வாய் – திரும்பும் வழியில்

காலையில் கணக்குப் பார்த்தோம். டிக்கெட், கோயில் கொடுத்த 500, உண்டியல் எல்லாம் சேர்த்தும், பெட்ரோல், டோல், ஓடு உடைந்த காசு போக, ஆளுக்கு 60 வெள்ளி. மாமா தன் பங்கில் பாதியைத் தார்ப்பாய்க்கு என்று திருப்பிக் கொடுத்தார்.

நிபோங் தெபாலுக்குப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பாட்டியைப் பார்க்கலாம் என்று அக்கா பூ வாங்கி வைத்திருந்தார். மகள் வீட்டுக்குக் கூலிம் போய்விட்டாராம். பூவைக் கோயிலில் கொடுத்தோம்.

ஐயா வீட்டு வாசலில் செங்கல் அடுக்கு அப்படியே இருந்தது. இரண்டு நாளாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தம்பியும் பையனும் துண்டை மடித்துத் தோளில் போட்டார்கள். முட்டி மடிந்தது, மூச்சு நின்றது, ஒரே கால். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஐயா பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டையின் ஒரு முனையில் தம்பியின் முகச் சாயம் ஒட்டியிருந்தது. நான் ஈரத்துணி எடுத்துப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். உள்ளேயிருந்து கோப்பியும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் வந்தன. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குடித்து முடித்துக் கிளம்பலாம் என்று எழுந்தபோது ஐயா கட்டையைக் குனிந்து பார்த்தார்.

"தலமாத்தி வச்சிட்டீங்க. நான் ஒக்கார்ற பக்கம் இது இல்ல."

மறுபடி துண்டு மடித்தார்கள். மறுபடி தூக்கித் திருப்பி வைத்தார்கள். அவர் உட்கார்ந்து, இடம் தேடிக் கொஞ்சம் நகர்ந்து, வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இப்பச் சரி" என்றார்.